துணி சும்மா வரும், நம்ம நேரம் சும்மா வராது

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தந்திருக்கிறோம்.)



போன இரண்டு மூன்று மாதமாக உங்கள் தீர்மானப் புத்தகங்களைப் பார்த்தால் ஒரே கோரிக்கை திரும்பத் திரும்ப வருகிறது. "வீட்டில் கிடக்கும் பழைய பொருட்களில் கைவினைப் பொருள் செய்யப் பயிற்சி வேண்டும்." நல்ல கோரிக்கைதான். பயிற்சிக்கு ஆளைக் கூட்டி வருவது எங்களுக்குப் பெரிய வேலையும் இல்லை. ஆனால் ஆளைக் கூட்டி வருவதற்கு முன்னால் உங்களோடு மனம் விட்டுப் பேசிவிடலாம் என்றுதான் இன்றைக்கு இந்தத் தலைப்பை எடுத்திருக்கிறோம்.

ஏன் என்று கேட்டால், இந்த மாதிரிப் பயிற்சி பல ஊர்களுக்கு ஏற்கெனவே வந்து போயிருக்கிறது. ஐஸ் குச்சியில் வீடு, பாட்டிலுக்கு நூல் சுற்றிப் பூ ஜாடி, பழைய வளையலில் தோரணம். மூன்று நாள் பயிற்சி, சான்றிதழ், போட்டோ. யார் நடத்தினார்கள் என்பதை விட்டுவிடுவோம். ஆறு மாதம் கழித்து அந்த ஊருக்குப் போய்ப் பாருங்க. அந்த ஜாடி டிவி பெட்டிக்கு மேலே தூசி படிஞ்சு உட்கார்ந்திருக்கும். செய்த கைகளில் ஒரு குறையும் கிடையாது, வேலை சுத்தமாகத்தான் இருக்கும். யார் வாங்குவாங்க, எதுக்கு வாங்குவாங்க, எவ்வளவுக்கு வாங்குவாங்க, ஒண்ணு செய்ய எத்தனை மணி நேரம் ஆகும் என்று அந்த மூன்று நாளில் யாரும் கேட்கவில்லை. அதைத்தான் இன்றைக்கு நாம கேட்கப் போகிறோம்.

பழையதைப் புதுசாக்குவது என்பது யாரோ வெளியிலிருந்து வந்து நமக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய விஷயம் இல்லை. நம்ம அம்மா, ஆத்தா காலத்தில் ஒரு நூல் சேலை எத்தனை பிறவி எடுத்தது என்று நினைத்துப் பாருங்க. உடுத்திக் கிழிந்தால் தூளி. தூளி நைந்தால் குழந்தைக்குத் துடைக்க. அப்புறம் அடுப்படியில் கரித்துணி. கடைசியில் கிழித்து உருட்டி விளக்குத் திரி. குப்பைக்குப் போக ஒன்றும் மிஞ்சாது. இப்போது வீட்டில் துணி அதிகம், அதில் பாதிக்கு மேல் பாலியஸ்டர். பாலியஸ்டர் சேலை தண்ணீரை இழுக்காது, திரியாகாது, சூட்டைத் தாங்காது. அதனால்தான் அது கொல்லைப்புறத்தில் எரிகிறது, இல்லாவிட்டால் சாக்கடையை அடைக்கிறது. ஆக முதல் பாடம் தையல் இல்லை. கையில் இருக்கும் துணி எந்தத் துணி என்று தெரிந்துகொள்வதுதான்.

துணியைக் கண்டுபிடிப்பது எப்படி?

இதற்கு ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. துணியின் ஓரத்திலிருந்து நாலைந்து நூல் உருவுங்க. இடுக்கியில் பிடித்து, கீழே ஒரு எவர்சில்வர் தட்டு வைத்து, தீக்குச்சியால் கொளுத்துங்க. அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம், வாசலில் செய்யுங்க, ஒரு சொம்பு தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் கையில் பொடிந்துவிடும். பாலியஸ்டர் என்றால் நூல் சுருங்கி உருகும், ஆறின பிறகு கறுப்பாக, பாசிமணி மாதிரிக் கெட்டியாக நிற்கும். இரண்டும் கலந்தது என்றால் இரண்டு குணமும் தெரியும். பள்ளிக்கூடச் சீருடை, ஆம்பளைங்க சட்டை பெரும்பாலும் கலப்புத்தான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறோம் என்றால், அடுப்பிலிருந்து சூடான பாத்திரம் இறக்குகிற பிடிதுணியை யாராவது பாலியஸ்டரில் தைத்துவிட்டால் அது சூட்டில் உருகிக் கையோடு ஒட்டிக்கொள்ளும். சாதாரணத் தீக்காயத்தைவிட அது மோசம். எனவே சூடு படுகிற பொருள், குழந்தை உடம்பில் படுகிற பொருள், ஈரம் துடைக்கிற பொருள் எல்லாம் சுத்தப் பருத்தியில் மட்டும். பை, மிதியடி, உறை இதற்கெல்லாம் பாலியஸ்டர் தாராளமாகப் போதும். சொல்லப்போனால் பைக்கு அதுதான் சீக்கிரம் இற்றுப்போகாமல் நிற்கும்.

துணி எங்கிருந்து வரணும்?

இந்த விஷயத்தைப் பயிற்சிகளில் யாரும் பேசுவதில்லை. நாம பேசியாகணும்.

"ஊருக்குள்ளே போய் வீடு வீடாப் பழைய துணி சேகரிங்க" என்று சொல்வது சுலபம். ஆனால் பழைய துணி என்பது நம்ம ஊர்களில் வெறும் துணி இல்லை. கூலிக்குப் பதிலாகப் பழைய சேலை வாங்கிய தலைமுறை இன்னும் நம்ம நடுவில் இருக்கிறது. எந்தத் தெருக்காரர் கொடுப்பவர், எந்தத் தெருக்காரர் வாசலில் நின்று வாங்குபவர் என்று அந்தத் துணியே சொன்ன காலம் உண்டு. "எங்க அம்மா வாங்கினது போதும், நான் போய் கேக்க மாட்டேன்" என்று ஒரு உறுப்பினர் சொன்னால் அது வீண் பிடிவாதம் இல்லை. அவங்க சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதே மாதிரி, இறந்தவங்க துணியைத் தொட மாட்டோம் என்பவர்களும் உண்டு, அப்பாவின் வேட்டியைக் கண்ணில் ஒற்றி வைத்திருப்பவர்களும் உண்டு. இரண்டு பேரையும் கேலி செய்யக் கூடாது.

எனவே எங்கள் யோசனை இது. குழுவுக்கு வரும் துணி உறுப்பினர் தன் சொந்த வீட்டிலிருந்து, தானே துவைத்து, தானே மடித்துக் கொண்டு வந்ததாக இருக்கட்டும். போதவில்லை என்றால் தையல்கடை வெட்டுத் துணியை எடைபோட்டுக் காசு கொடுத்து வாங்குவோம். நம்ம பக்கம் இதற்குக் குறைச்சலே இல்லை. திருப்பூரில் பனியன் வேஸ்ட், கரூரில் படுக்கை விரிப்பு, சமையலறைத் துணி தைக்கிற கம்பெனிகளின் வெட்டுத் துண்டு எல்லாம் கிலோ கணக்கில் விற்கிறாங்க. காசு கொடுத்து வாங்கினால் யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. பேரம் பேசலாம், நல்லதைப் பொறுக்கி எடுக்கலாம், இது வேண்டாம் என்று சொல்லவும் முடியும்.

இதில் சுனாமி நேரத்தில் நடந்ததையும் சொல்லணும். 2004 டிசம்பருக்குப் பிறகு நம்ம கடற்கரை ஊர்களுக்கு நாடு முழுக்க இருந்து பழைய துணி லாரி லாரியாக வந்தது. கொடுத்தவர்கள் நல்ல மனசோடுதான் கொடுத்தாங்க. ஆனால் அந்த மக்கள் உடுத்தாத, அவர்களுக்கு ஒத்துவராத துணி மலையாகக் குவிந்து ரோட்டோரம் மழையில் நனைந்து கிடந்தது. தில்லியில் 1999-ல் அன்ஷு குப்தா தொடங்கிய கூஞ்ச் அமைப்பு அந்தத் துணியைத் தரம் பிரித்துப் பயனுள்ளதாக மாற்றுகிற வேலையில் இறங்கியது. பழைய பருத்தித் துணியில் மாதவிடாய்த் துணி செய்து கிராமங்களுக்குக் கொடுக்கும் வேலையையும் அவங்க செய்றாங்க. 2015-ல் அன்ஷு குப்தாவுக்கு மக்சேசே விருது கிடைத்தது. கொடுக்கிறவங்களுக்கு எது தேவையில்லையோ அதுதான் அன்றைக்கு வந்து குவிந்தது. வாங்குகிறவங்களுக்கு எது தேவை என்று அப்புறம்தான் யோசித்தாங்க. நாம செய்கிற பொருளுக்கும் இதே கதி வந்துவிடக் கூடாது.

பை

இப்போது செய்முறைக்கு வருவோம். பையிலிருந்தே ஆரம்பிக்கலாம், ஏனென்றால் தேவை கண் முன்னால் இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறிகிற பிளாஸ்டிக் பைக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. தடை இருந்தும் கடையில் பிளாஸ்டிக் பை தொங்குகிறதே என்பீங்க, உண்மைதான். ஆனால் ஒரு நல்ல துணிப்பை கையில் இருக்கிறவங்க அதைக் கேட்பதில்லை என்பதும் உண்மை.

ஆம்பளைங்க பழைய பேண்ட் இருக்கிறதே, அதைவிட நல்ல பைத்துணி கிடையாது. முதலில் துணியை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பாருங்க. முட்டிப் பக்கமும் உட்காரும் இடமும் நைந்திருந்தால் வெளிச்சம் அதிகமாகத் தெரியும். அந்த இடத்தைத் தள்ளிவிட்டு வெட்டணும். காலின் உள்பக்கத் தையலைப் பிரித்து விரித்தால் அகலமான துண்டு கிடைக்கும். இரண்டு காலிலும் பதினாறு இஞ்ச் அகலம், பதினெட்டரை இஞ்ச் உயரத்துக்கு ஒவ்வொரு துண்டு. அகலம் பற்றவில்லை என்றால் பதினாலு இஞ்ச் வைத்துக்கொள்ளலாம். படுக்கை விரிப்பாக இருந்தால் முப்பத்தாறு இஞ்ச் நீளத்தில் ஒரே துண்டாக வெட்டி மடித்துவிடுங்க, அடியில் தையலே வராது, பலமும் அதிகம். மேலே ஒன்றரை இஞ்ச் மடித்துத் தையல் போட்டால் பதினாறரை இஞ்ச் உயரத்துக்குப் பை நிற்கும். பக்கவாட்டில் இரண்டு தையல். உள்ளே பிசிறு தெரியாமல் மடித்துத் தைப்பது முக்கியம். பிசிறு தெரிகிற பையை வாங்குகிறவங்க உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிடுவாங்க. நாமகூட அப்படித்தானே பார்த்து வாங்குறோம்?

மெல்லிசு பாலியஸ்டர் சேலை என்றால் துணியை இரட்டையாகப் போட்டுத் தையுங்க.

பை பிய்ந்து போவது நடுவில் இல்லை, எப்போதும் கைப்பிடி சேருகிற இடத்தில்தான். கைப்பிடிக்கு இருபத்து நாலு இஞ்ச் நீளம், நாலு இஞ்ச் அகலத்தில் இரண்டு பட்டை. நாலாக மடித்து ஒரு இஞ்ச் ஆக்கி இரண்டு ஓரமும் தையுங்க. சேலைக் கரை கெட்டியாக இருந்தால் அதையே உள்ளே வைத்து மடிக்கலாம். பையின் பக்க ஓரத்திலிருந்து நாலு இஞ்ச் தள்ளி, வாய் மடிப்புக்குக் கீழே ஒன்றரை இஞ்ச்சாவது இறக்கி வைத்து, சதுரமாகத் தையல் போட்டு அதற்குள்ளே பெருக்கல் குறி மாதிரிக் குறுக்கே இரண்டு தையல் போடணும். துணி மெலிசாக இருந்தால் உள்பக்கம் ஒரு சின்ன ஒட்டுத்துணி கொடுங்க.

தைத்து முடித்ததும் விற்கப் போகாதீங்க. ஐந்து கிலோ அரிசியைப் போட்டு ராத்திரி முழுக்க ஆணியில் மாட்டி வையுங்க. காலையில் கையில் எடுத்து, பஸ்ஸில் ஏறி இறங்கும்போது எப்படிக் குலுங்குமோ அப்படிப் பத்துத் தடவை குலுக்குங்க. பிறகு தையல் ஓட்டைகளைப் பாருங்க. ஓட்டை பெரிசாகியிருந்தால் பிரித்து மறுபடி தைக்கணும். இந்தச் சோதனையில் தேறின பையை மட்டும் "அஞ்சு கிலோ தாங்கும்" என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்லி விற்கலாம்.

கல்யாணத் தாம்பூலப் பைக்கு ஆர்டர் பிடிக்கலாமே என்று பல குழுக்களில் கேட்கிறாங்க. பிடிக்கலாம், ஆனால் பழைய துணியில் வேண்டாம். நல்ல காரியத்துக்குப் புதுத் துணிதான் நம்ம மக்கள் எதிர்பார்ப்பாங்க. அதை மாற்ற நினைத்தால் ஆர்டர்தான் போகும். வெட்டுத் துணி புதுசுதான், அதில் செய்யலாம்.

மிதியடி, பிடிதுணி, போர்வை

மிதியடிக்குத் தையல் மெஷினே தேவையில்லை. தலை பின்னத் தெரிந்தால் போதும். நூல் சேலையை மூன்று இஞ்ச் அகலத்தில் நீளவாக்கில் கிழியுங்க. கத்தரி ஓரத்தில் ஒரு வெட்டு வெட்டினால் போதும், மீதி நேராகக் கிழியும். மூன்று பட்டையைச் சேர்த்துச் சடை பின்னணும். பட்டை முடிகிற இடத்தில் முடிச்சுப் போட்டால் காலில் உறுத்தும். அதனால் இரண்டு பட்டையின் நுனியிலும் சின்ன ஓட்டை வெட்டி ஒன்றுக்குள் ஒன்றைக் கோர்த்து இழுத்துவிடுங்க. மூன்று பட்டைக்கும் ஒரே இடத்தில் ஒட்டு வராமல் முன்னே பின்னே வைக்கணும். பின்னின சடையை வட்டமாகச் சுற்றி, கோணி ஊசியில் கெட்டி நூல் கோர்த்து, பக்கத்துச் சடையோடு சேர்த்துச் சேர்த்துத் தையுங்க. மடியில் வைத்துத் தைத்தால் மிதியடி கிண்ணம் மாதிரிக் குழிந்துவிடும், தரையில் தட்டையாக வைத்துத்தான் தைக்கணும். நூலை ரொம்ப இழுத்தாலும் குழியும், லூசாக விட்டால் ஓரம் அப்பளம் மாதிரி நெளியும். நைந்த பாகத்தைத் தள்ளினால்கூட ஒரு சேலையில் பதினெட்டு இஞ்ச் மிதியடி இரண்டு வந்துவிடும்.

பனியன் துணி கிடைத்தால் வேலை இன்னும் சுலபம். ஒரு இஞ்ச் பட்டையாக வெட்டி இரண்டு கையாலும் இழுங்க. தானாகச் சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிடும், பிசிறும் வராது.

பிடிதுணியை அற்பமாக நினைக்காதீங்க. கரூரிலிருந்து வெளிநாட்டுக்குப் போகிற சரக்கில் சமையலறைத் துணி, பிடிதுணி, கையுறை எல்லாம் உண்டு. நம்ம வீட்டுக்கு ஏழு இஞ்ச் சதுரம் போதும். உள்ளே பழைய துண்டு நாலு மடிப்பு, வேட்டி என்றால் எட்டு மடிப்பு. மேலே கீழே பருத்திச் சேலை. குறுக்கும் நெடுக்கும் தையல் ஓட்டி, ஒரு மூலையில் மாட்டுவதற்கு வளையம் வைத்தால் முடிந்தது. ஈரப் பிடிதுணியால் சூடான பாத்திரத்தைப் பிடிக்கவே கூடாது. ஈரத்தின் வழியாகச் சூடு சட்டென்று கைக்கு ஏறிவிடும். ஆளுக்கு இரண்டு செய்து வைத்துக்கொண்டால் ஒன்று காயும்போது மற்றது உதவும்.

போர்வை பற்றிக் கொஞ்சம் சொல்லணும். பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டுப் போர்வை செய்வது நாடு முழுக்கப் பெண்களுக்குத் தெரிந்த வேலை. வங்காளத்தில் காந்தா என்கிறாங்க, பீகாரில் சுஜனி, மகாராஷ்டிராவில் கோதடி, வட கர்நாடகத்தில் கௌதி. மூன்று நாலு நூல் சேலையை ஒன்றன் மேல் ஒன்று விரித்து, சுருக்கம் எடுத்து, சுற்றிலும் பெரிய தையலாகப் போட்டு நிறுத்திவிட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கம் நோக்கித் தைத்துக்கொண்டு போகணும். ஓரத்திலிருந்து உள்ளே வந்தால் நடுவில் துணி குவிந்துவிடும்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் பருத்திக் காட்டில் வேலை செய்த கறுப்பினப் பெண்கள் இப்படித்தான் போர்வை தைத்தாங்க. உழைத்து நைந்த பேண்ட், சட்டையை வெட்டி இணைத்த போர்வைகள். அந்தக் காலத்தில் ஓட்டுரிமை கேட்டுப் பதிவு செய்ததற்காகக் குடியிருந்த இடத்தைவிட்டே விரட்டப்பட்ட குடும்பங்கள் அவர்களில் உண்டு. 1966-ல் அவங்க சேர்ந்து 'ஃப்ரீடம் குவில்டிங் பீ' என்று ஒரு கூட்டுறவு தொடங்கினாங்க. போர்வைகளை நியூயார்க்கில் ஏலம் போட்டு விற்றாங்க. அவங்க பக்கத்து ஊரான ஜீஸ் பெண்ட் போர்வைகளுக்கு 2006-ல் அமெரிக்க அரசு தபால்தலையே வெளியிட்டது. ஆனால் நாம கவனிக்க வேண்டியது வேறு. 1970-களில் அந்தக் கூட்டுறவுக்கு மாதாமாதம் நம்பிக்கையாக வேலை கொடுத்தது பெரிய கடைக் கம்பெனிக்குத் தைத்த சாதாரணத் தலையணை உறைதான். பெயர் வாங்கிக் கொடுத்தது ஒன்று, சோறு போட்டது இன்னொன்று.

கணக்கு

இனிமேல்தான் முக்கியமான கட்டம். எல்லோரும் நோட்டை எடுங்க.

நம்ம உழைப்புக்கு ஒரு விலை வேணும். ஒரு கணக்குக்கு நூறு நாள் வேலைக் கூலியை வைத்துக்கொள்வோம். 2024-25-ல் தமிழ்நாட்டுக்கு ஒரு நாளைக்கு 319 ரூபாய் என்று அறிவித்தாங்க. எட்டு மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு சுமார் 40 ரூபாய். இதற்குக் கீழே நாமே நம்மை விலை பேசக் கூடாது.

மிதியடியை எடுங்க. கிழிக்க, பின்ன, தைக்க எப்படியும் நாலு மணி நேரம் ஆகும் என்று வைப்போம். கூலி 160. நூல் 5. துணி சும்மா. அடக்கம் 165 ரூபாய். சந்தையில் மிஷினில் நெய்த மிதியடி 60 ரூபாய்க்குத் தொங்குகிறது என்றால், நாமும் 60-க்கு விற்றால் நம்ம கூலி மணிக்கு 14 ரூபாய்கூட வராது. துணி சும்மா வந்தது என்பதால் லாபம் மாதிரித் தெரியும். உண்மையில் ஒவ்வொரு மிதியடிக்கும் நூறு ரூபாய் நம்ம கையிலிருந்து போகிறது.

இப்படிச் சொன்னால் உடனே ஒரு அக்கா கேட்பாங்க, "வீட்ல சும்மா இருக்கிற நேரத்துல தானே பண்றோம்?" இந்த 'சும்மா இருக்கிற நேரம்' என்கிற பேச்சை நாங்க ஒத்துக்கவே மாட்டோம். தண்ணி பிடிச்சு, சமைச்சு, ஆட்டுக்குத் தழை போட்டு, பிள்ளையைக் கிளப்பி, காட்டு வேலைக்கும் போய் வந்த பிறகு மிச்சம் இருக்கிற ஒரு மணி நேரம் அது. அந்த நேரத்தில் நீங்க சும்மா உட்கார்ந்து டிவி பார்த்தாலும் அது உங்க உரிமை. அந்த ஒரு மணியை 14 ரூபாய்க்கு விற்க வேண்டாம். மிதியடியை உங்க வீட்டு வாசலுக்குச் செய்யுங்க, மகளுக்குச் சீரோடு கொடுங்க, சந்தோஷமாகச் செய்யுங்க. விற்பனைப் பட்டியலில் அது வேண்டாம். போர்வையும் அப்படித்தான், முழு விலை கொடுக்கிற ஆள் முன்பணத்தோடு வந்தால் ஒழிய.

பையை எடுங்க. மெஷின் தெரிந்த கைக்கு ஒரு பைக்கு வெட்டும் தையலும் சேர்த்து முக்கால் மணி ஆனால் கூலி 30. நூல், கரண்டு, மெஷின் தேய்மானம் 5. ஆக 35. இதை 40-க்கு விற்றால் குழுவுக்கு 5 ரூபாய் நிற்கும். கோயம்பேடு மார்க்கெட்டில் 2022-ல் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை கொடுக்கிற இயந்திரம் வைத்தாங்க. அந்தப் பையோடு நாம விலையில் மோத முடியாது, மோதவும் வேண்டாம். அஞ்சு கிலோ தாங்குகிற பைக்குத்தான் 40 ரூபாய்.

அடக்கத்தைக் குறைக்க வழி இருக்கிறது. ஒருத்தரே ஒரு பையை ஆரம்பித்து முடிப்பதற்குப் பதிலாக, ஒருத்தர் பத்துத் துணியை அடுக்கி ஒரே மூச்சில் வெட்டட்டும், ஒருத்தர் பக்கத் தையல் மட்டும், ஒருத்தர் கைப்பிடி மட்டும். முக்கால் மணி அரை மணியாகக் குறைந்தால் கூலி 20 ஆகும், குழுவுக்கு 15 நிற்கும். நாலு பேர் கூடி ஒரு திண்ணையில் உட்கார்ந்து செய்கிற வேலைக்கும் தனியாக வீட்டில் செய்கிற வேலைக்கும் உள்ள வித்தியாசம் இந்தப் பத்து ரூபாய்தான்.

கடன் விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறோம். முதல் இருபது பை விற்றுக் காசு கைக்கு வரும் வரை இதற்காக உள்கடனோ சுழல் நிதியோ எடுக்க வேண்டாம். புது மெஷின் வேண்டாம், மூட்டைக் கணக்கில் துணி வேண்டாம். விற்காத சரக்கு வீட்டில் இருந்து, தவணை மட்டும் கூட்டத்தில் கேட்கப்பட்டால், அந்த உறுப்பினர் அடுத்த கூட்டத்துக்கு வரத் தயங்குவாங்க. அப்படி ஒருத்தர் ஒதுங்கினால் அவரை மறுபடி குழுவுக்குள் கூட்டி வருவது பணத்தைத் திருப்புவதைவிடக் கஷ்டம்.

எங்கே விற்பது? முதலில் நம்ம தெரு மளிகைக்கடை, ரைஸ் மில், வாரச் சந்தை. அது ஓடின பிறகு மாவட்டத் தலைநகர் பூமாலை வணிக வளாகம், மதி அங்காடி என்று யோசிக்கலாம். அங்கே பேசுகிற வேலையை நாங்க கூட வந்து செய்கிறோம்.

கடைசியாக எச்சரிக்கைகள் சில. பூச்சிமருந்து டப்பா, பாட்டில் எதையும், எத்தனை தடவை கழுவினாலும், எந்தப் பொருளாகவும் மாற்றாதீங்க. பேனா ஸ்டாண்டுகூட வேண்டாம், பிள்ளைங்க கை படுகிற இடம். யூரியா சாக்கில் தானியம் வைக்க வேண்டாம். அரிசி வருகிற இருபத்தைந்து கிலோ பிளாஸ்டிக் சாக்கில் செடி வளர்க்கலாம் என்று சொல்றாங்க, ஆனால் தொடர்ந்து வெயில் பட்டால் அது பொடிப்பொடியாக உதிர்ந்து மண்ணில் கலந்துவிடும். அதைத் துணி உள்வைத்துச் சந்தைப் பையாகத் தைப்பதுதான் சரி. மாதவிடாய்த் துணி செய்வதானால் சொந்தப் பருத்தித் துணியில், உங்க வீட்டு உபயோகத்துக்கு மட்டும். சோப்புப் போட்டு அலசி வெயிலில் காய வைக்கணும். கட்டிலுக்கு அடியில், கதவு மறைவில் காய வைப்பதுதான் நோயை உண்டாக்குகிறது. கொடியில் போட வெட்கமாக இருந்தால் மேலே ஒரு மெல்லிய துண்டைப் போட்டாவது வெயிலில் போடுங்க.

அடுத்த மாதக் கூட்டம் வழக்கம்போல இரண்டாவது சனிக்கிழமை. ஒவ்வொரு குழுவும் ஒரு பை தைத்து, ராத்திரி ஆணியில் மாட்டிச் சோதித்துக் கொண்டு வரணும். பையோடு ஒரு துண்டுச் சீட்டில் வெட்ட எத்தனை நிமிடம், தைக்க எத்தனை நிமிடம் என்று எழுதி ஊசியால் குத்திக் கொண்டு வாங்க. அரிசி நாங்க கொண்டு வருகிறோம், எல்லாப் பையையும் இங்கேயே மறுபடி தொங்கவிட்டுப் பார்ப்போம். பயிற்சிக்கு யாரைக் கூப்பிடுவது, எதைக் கற்றுக்கொள்வது என்பதை அந்தச் சீட்டுகளைப் பார்த்த பிறகு நீங்களே தீர்மானம் போடுங்க.